18 அங்குலப் பொம்மையை நம்புகிறோம்; பாடுகிற நடிகரை ஏன் நம்ப மறுக்கிறோம்?

கேள்வி: கொட்டகைக் காலம்

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் கிடைத்த பத்து நாள் விடுமுறையில் 1933ஆம் ஆண்டின் 'கிங் காங்' படத்தையும், 2000க்குப் பிறகு ஹாலிவுட்டில் வந்த, பாத்திரங்களே பாடி ஆடிக் கதை சொல்லும் மியூசிக்கல் படங்கள் சிலவற்றையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் தொடங்கும்போது நினைத்தேன். பார்த்து முடித்த பிறகு மனத்தில் எழுந்த குழப்பம் இரண்டையும் சேர்த்தே எழுந்தது என்பதால், இங்கே ஒரே கேள்வியாக வைக்கிறேன்.

ராட்சதக் குரங்கான காங் என்பது என்ன என்று நமக்குத் தெரியும். உலோக எலும்புக்கூட்டின் மேல் ரப்பரைச் சுற்றி, அதன் மேல் முயல்தோலைப் போர்த்தி மார்செல் டெல்காடோ செய்த, சுமார் 18 அங்குல உயரமுள்ள ஒரு பொம்மை. அதை வில்லிஸ் ஓ'பிரையன் ஒவ்வொரு பிரேமுக்கும் கையால் சிறிது நகர்த்தி வைத்துப் படம் பிடித்தார். ஒரு நொடிக்கு 24 பிரேம்கள். விரல் பட்ட இடமெல்லாம் முடி கலைந்துவிடுவதால், காங் சும்மா நிற்கும்போதுகூட அதன் தோல் புயற்காற்றில் நிற்பதைப்போல் சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது. இவ்வளவும் தெரிந்திருந்தும், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் குண்டடிபட்ட மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தனக்கு என்ன நேர்ந்தது என்று புரியாமல் அது தன் கையையே பார்க்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

'லா லா லேண்ட்' படத்தின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலை மேம்பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு நூறு பேர் ஆடும் காட்சியையோ, 'லே மிஸராப்ல்' படத்தில் நட்சத்திரங்கள் கண்ணீர் வழியப் பாடுவதையோ பார்த்தபோது, அங்கே இருப்பவர்கள் எலும்பும் சதையுமான மனிதர்கள் என்று தெரிந்தும் நான் வெளியிலேயே நின்றேன். திறமையை மெச்சினேன், நம்பவில்லை. மரத்தைச் சுற்றிப் பாடும் காதலர்களுக்கு வயலின் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்காமல் வளர்ந்தவன் நான் என்பதால், பாட்டு வருவதே எனக்கு இடையூறு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை. ஐம்பதடிப் பொய்யான குரங்கிடம் எளிதில் ஏமாறும் மனம், மெய்யான மனிதர் பாடும்போது ஏன் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது? காங்கின் பக்கத்தில் வைக்கத்தக்க ஒரு புதிய மியூசிக்கல் உங்கள் பார்வையில் எது?

மறுமொழி: ஒலிக்கூடம்

டப்பிங் அரங்கிலும் ரீரெக்கார்டிங்கிலும் சில ஆண்டுகள் உதவியாளனாக இருந்தவன் என்ற முறையில், என் பதில் காதிலிருந்துதான் தொடங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தொடர்பில்லை என்று நினைத்த இரண்டும் ஒரே மாதத்துக் குழந்தைகள். 'கிங் காங்' நியூயார்க்கில் திரையிடப்பட்டது 1933 மார்ச் 2ஆம் தேதி. பஸ்பி பெர்க்லி நடனம் அமைத்த, பின்வந்த எத்தனையோ மேடைப்பின்னணி மியூசிக்கல்களுக்குத் தாய்ப்படமான 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' அதே மார்ச்சில்தான் அந்நகருக்கு வந்தது. ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற கையோடு நாடு முழுவதும் வங்கிகளை மூட ஆணையிட்ட நாள்கள் அவை. இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: காட்சி நடத்தியே தீரவேண்டிய ஒரு மனிதன், வழியற்ற ஓர் இளம்பெண், அவளை நிறுத்தப்போகும் ஒரு மேடை. 'கிங் காங்'கில் படமெடுப்பவனான கார்ல் டென்ஹாம் நாயகி ஆன் டாரோவைக் கண்டெடுப்பது, அவள் பசி தாங்காமல் தெருக்கடையில் ஓர் ஆப்பிளுக்குக் கை நீட்டும்போது. காங்கும் கடைசியில் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் ஓர் அரங்கில்தான் சங்கிலியோடு நிறுத்தப்படுகிறது. மேடைப் படத்துக்குள் ஒரு குரங்கை நுழைத்ததுபோலத்தான் எனக்கு அது எப்போதும் தோன்றியிருக்கிறது.

இசைக்கு வருகிறேன். 'கிங் காங்' படத்துக்கு இசையமைத்த மாக்ஸ் ஸ்டைனர் வியன்னாவில் பிறந்து, ஹாலிவுட்டுக்கு வருமுன் பிராட்வேயில் மியூசிக்கல்களுக்கு இசைக்குழு நடத்தியவர். பெயர்ப்பட்டியல் முடிந்ததும் அவர் இசையை நிறுத்திவிடுகிறார். நியூயார்க் காட்சிகள், கப்பல் பயணம் எல்லாம் வெறும் பேச்சும் சத்தமுமாகவே போகின்றன. கப்பல் மூடுபனிக்குள் நுழைந்து காங் வாழும் தீவை நெருங்கும்போதுதான் வாத்தியங்கள் மெல்லத் தொடங்குகின்றன. இனி நடப்பது வேறோர் உலகத்துச் சங்கதி என்று நம் காதைப் பிடித்து அழைத்துப்போகும் ஏற்பாடு அது. உச்சிக்காட்சியில் விமானங்கள் சுற்றத் தொடங்கியதும் இசை மறுபடி ஒதுங்கி இயந்திர இரைச்சலுக்கு இடம் விடுகிறது. காங் தளரும்போதுதான் திரும்பி வருகிறது. உங்கள் தொண்டையை அடைத்ததில் ஸ்டைனருக்குப் பாதிப் பங்கு உண்டு என்று நான் அடித்துச் சொல்வேன்.

புதிய மியூசிக்கல்களில் பல இந்த வாசலைக் கட்டத் தெரியாமலோ துணியாமலோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பாடுகின்றன. 2002இல் வந்த 'சிகாகோ' சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. அதற்கு முன் அப்பரிசை வென்ற மியூசிக்கல் 1968ஆம் ஆண்டின் 'ஆலிவர்!'. முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அந்தக் கதவைத் திறந்த படம், பாட்டுகளில் பெரும்பாலானவற்றை நாயகி ராக்ஸியின் கற்பனை மேடையில் நிகழ்வனவாக அமைத்துக்கொண்டது. மிகக் கெட்டிக்காரத்தனமான தீர்வு என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் "இவர்கள் உண்மையில் பாடவில்லை, பயப்படாதீர்கள்" என்று பார்வையாளரின் தோளைத் தட்டிச் சொல்லும் தீர்வும்கூட.

2012இல் வந்த 'லே மிஸராப்ல்' நேர்எதிர்த் திசையில் போனது. நடிகர்கள் காதுக்குள் ஒரு சிறு கருவியை வைத்துக்கொண்டு, அரங்கின் ஓரத்தில் ஒருவர் வாசித்த பியானோவைக் கேட்டபடி படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாடினார்கள். இசைக்குழுவின் வாசிப்பு பிறகு அந்தக் குரலுக்கு ஏற்பச் சேர்க்கப்பட்டது. ஆன் ஹாத்தவே திரைநிறைத்த அண்மைக்காட்சியில் வெட்டின்றிப் பாடும் அந்த ஒரு பாட்டில் இந்த முறை பலித்தது. மற்ற இடங்களில் மூச்சிரைப்பும் விம்மலும் தாளத்தைத் தின்றுவிட்டன என்பது என் எண்ணம். பாட்டு என்பதே ஒரு பொய்வடிவம். அதை மெய்யாக்கிக் காட்டப் படாதபாடு படும்போது பொய்யும் கெடுகிறது, மெய்யும் கெடுகிறது.

ஒரு கிளைச்செய்தி. நம்மிடம் பின்னணிப் பாடகர் என்றால் தனிப் புகழ். அவர் பெயருக்காகவே பாட்டு கேட்பார்கள். ஹாலிவுட்டிலோ நெடுங்காலம் அது மூடிமறைக்க வேண்டிய காரியமாக இருந்தது. டெபோரா கெர், நடாலி வுட், ஆட்ரி ஹெப்பர்ன் ஆகிய மூவருக்கும் வெவ்வேறு படங்களில் பாடிய மார்னி நிக்சனின் பெயரை அந்தப் படங்களின் பெயர்ப்பட்டியலில் தேடினால் கிடைக்காது. இரவல் குரலை இவ்வளவு வெட்கத்தோடு பார்த்த மரபில் வந்தவர்கள், இன்று நடிகரே பாடினார் என்பதை விளம்பரமாக்குவதில் வியப்பில்லை.

மறுமொழி: மூன்றாம் வரிசை

மேலே எழுதியவர் மீது எனக்கு மதிப்பு உண்டு, கேள்வி கேட்டவர் மீதும் உண்டு. ஆயினும், கை வேலை என்றால் உருக்கம், கணினி வேலை என்றால் வறட்சி என்று இந்தப் பேச்சுக்குப் பின்னால் எனக்குத் தென்படும் தராசை நான் ஏற்கவில்லை. என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 1933ஆம் ஆண்டுப் படத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். டைரனோசரின் தாடையைப் பிளந்துவிட்டு, அது செத்ததா என்று காங் அந்தத் தாடையை ஆட்டிப் பார்க்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்; உச்சிக்காட்சியிலும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். பீட்டர் ஜாக்சன் 2005இல் எடுத்ததைப் பார்த்தபோது அழுதாள். நம் தொண்டையை அடைப்பது பொம்மையா, அல்லது நாம் அதை முதன்முதலில் பார்த்த வயதா என்பதை யோசிக்க வேண்டும். ஜாக்சனே ஒன்பது வயதில் பழைய படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்.

அந்த 2005ஆம் ஆண்டுப் படம் மூன்று மணி நேரத்தையும் தாண்டி ஓடுவது. முதல் ஒரு மணி நேரத்தில் குரங்கே கண்ணில் படாது. பூச்சிகள் நிறைந்த பள்ளத்தாக்கையும் டைனோசர்களின் ஓட்டத்தையும் பாதியாக வெட்டியிருக்கலாம். இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், அதில் உள்ள ஒரு மாற்றத்தை எவரும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் குறை. பழைய படத்தில் ஆன் டாரோ செய்வதெல்லாம் அலறுவதுதான்; ஃபே ரே அதை ஒரு கலையாகவே செய்தார் என்பது வேறு. ஜாக்சனின் ஆன், வேலை இழந்த ஒரு வாடவில் (ஆட்டமும் வேடிக்கையும் கலந்த பழைய அமெரிக்க மேடை நிகழ்ச்சி) கலைஞர். தீவின் பாறை விளிம்பில் காங்கிடம் மாட்டிக்கொண்டதும் அவள் தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்கிறாள்: ஆடுகிறாள், கற்களை மேலே எறிந்து பிடிக்கிறாள், வேண்டுமென்றே தடுக்கி விழுகிறாள். குரங்கு சிரிக்கிறது; இன்னும் ஆடு என்று அவளைத் தட்டி விழவைக்கிறது; அவள் போதும் என்று மறுக்கும்போது சினந்து எழுகிறது. நிகழ்ச்சி நடத்துபவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே உள்ள கொடுக்கல் வாங்கலை இத்தனை தெளிவாகச் சொன்ன காட்சி எந்த மியூசிக்கலில் இருக்கிறது? பின்னால் சென்ட்ரல் பார்க்கின் உறைந்த குளத்தில் இருவரும் வழுக்கி விளையாடுவது பாட்டில்லாத டூயட் அல்லாமல் வேறென்ன? ஆனாக நடித்த நவோமி வாட்ஸின் எதிரே நின்று நடித்தவர் ஆண்டி செர்கிஸ் என்ற மனிதர். ருவாண்டாவுக்குச் சென்று கொரில்லாக்களை நேரில் பார்த்துப் பயின்று வந்தவர். அவருடைய முக அசைவுகளைக் கணினி வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். விரல்தடம் வேண்டும் என்றால் அதிலும் இருக்கிறது. முயல்தோலின் மேல் தெரியவில்லை என்பதுதான் வேறுபாடு.

1976ஆம் ஆண்டின் 'கிங் காங்' படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாற்பதடி உயர இயந்திரக் குரங்கு என்று உலகெங்கும் பறைசாற்றிவிட்டு, அது படத்தில் சில நொடிகளே தெரிய, மற்றப்படி குரங்குத்தோலுக்குள் ரிக் பேக்கர் வியர்த்துக்கொண்டிருந்தார். ஜான் பேரியின் இசைக்காக ஒருமுறை கேட்கலாம்.

'லா லா லேண்ட்' மீது கேள்வியாளர் காட்டிய கடுமையும் நியாயமில்லை. மேம்பால நடனம் எனக்கும் ஒட்டவில்லை. ஆனால் நடிப்புத் தேர்வறையில் எம்மா ஸ்டோன் தன் அத்தையைப் பற்றிப் பேச்சாகத் தொடங்கிப் பாட்டாக மாறுகிறாரே, அந்தப் பாட்டு தளத்திலேயே பாடிப் பதிவானது. ஒலிக்கூடம் ஐயா சொன்ன வாசல் அங்கே இருக்கிறதா இல்லையா என்று அவரே சொல்லட்டும்.

மறுமொழி: நெய்தல்

இரு தரப்பும் 1933க்கும் 2005க்கும் இடையில் நின்று வழக்காடுவதால், நடுவில் உள்ள ஒரு படம் விடுபட்டுப்போகிறது. கேள்விக்கு நேரடியான விடை அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1949இல் வந்த 'மைட்டி ஜோ யங்' கிட்டத்தட்டப் பழைய காங் குடும்பமே மீண்டும் கூடி எடுத்தது. மெரியன் கூப்பரின் கதை, ரூத் ரோஸின் திரைக்கதை, அவர் கணவர் எர்னஸ்ட் ஷோட்சாக்கின் இயக்கம். ஓ'பிரையன் மேற்பார்வையில் பொம்மையின் பெரும்பாலான அசைவுகளைச் செய்தவர் அப்போது இளைஞரான ரே ஹாரிஹவுசன். டென்ஹாமாக நடித்த ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் இதிலும் ஆசை வார்த்தை பேசும் நிகழ்ச்சி அமைப்பாளராகவே வருகிறார். ஆப்பிரிக்காவில் ஒரு சிறுமி குட்டியிலிருந்து வளர்த்த கொரில்லாவை, அவள் வளர்ந்த பிறகு இருவரையுமாக ஹாலிவுட் இரவு விடுதி ஒன்றுக்கு அழைத்து வருகிறார்கள். திரை விலகும்போது அந்தப் பெண் ஒரு மேடையில் அமர்ந்து, ஸ்டீபன் ஃபாஸ்டரின் பழைய தாலாட்டுப் போன்ற ஒரு மெட்டைப் பியானோவில் வாசிக்கிறாள். மேடை மெல்ல உயர்கிறது. அதைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தியிருப்பது ஜோ. அந்த மெட்டைக் கேட்டால்தான் அவனுக்குச் சினம் அடங்கும் என்பது கதையின் உயிர்நாடி. சில வாரங்களில் அதே மேடையில் அவனை வாத்தியக்காரனின் குரங்கைப்போல நிறுத்தி, கூட்டத்தைக் கொண்டு பெரிய பெரிய நாணயங்களை எறிய வைக்கிறார்கள், ஒரு நாள் குடிகாரர்கள் சாராயத்தைக் கொடுத்துவிடுகிறார்கள், மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

குரங்கும் பாட்டும் ஒரே சட்டகத்துக்குள் வரும் அந்தப் பியானோக் காட்சியில் நான் இரண்டையும் நம்பினேன். ஏன் என்று யோசித்தபோது கிடைத்த விடை எளிமையானது: அங்கே பாட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. அது நின்றால் ஏதோ நடந்துவிடும். கேள்வியாளரை வெளியில் நிறுத்திய மேம்பால நடனம் நின்றால் என்ன நடக்கும்? வண்டிகள் நகரும், அவ்வளவுதானே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், காங்கின் பக்கத்தில் நான் வைக்கும் மியூசிக்கல் 2000ஆம் ஆண்டில் வந்த 'டான்சர் இன் தி டார்க்'. கண்பார்வை மங்கிக்கொண்டே வரும் ஓர் ஆலைத் தொழிலாளியாகப் பியோர்க் நடித்திருக்கிறார். 'சிகாகோ'வைப் போலவே இதிலும் பாட்டுகள் நாயகியின் கற்பனையில்தான் நிகழ்கின்றன. ஆகவே கற்பனைக்குள் ஒளிந்துகொள்வதே கோழைத்தனம் என்ற ஒலிக்கூடம் அவர்களின் வாதத்தை நான் முழுதாக ஏற்க முடியாது. வேறுபாடு எங்கே என்றால், இங்கே ஒவ்வொரு பாட்டும் அவள் காதில் விழும் ஓசையிலிருந்து முளைக்கிறது: முதலில் ஆலை இயந்திரத்தின் தட்டல், பின்னொரு முறை புகைவண்டிச் சக்கரம். இறுதியில் எந்த ஓசையும் துணைக்கு வராத ஓரிடத்தில் அவள் வாத்தியமே இல்லாமல் பாடுகிறாள், அந்தப் பாட்டு பாதியில் அறுபடுகிறது. இரண்டாம் முறை அந்தப் படத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பழைய 'கிங் காங்' படத்தைக் கொண்டாடும்போது ஒன்றை விழுங்கிவிட்டுப் பேச முடியாது. தீவு மக்களை அது காட்டும் விதம் அருவருப்பானது. தொலைதூரக் கரையிலிருந்து ஒரு கரிய உடலைச் சங்கிலியிட்டுக் கப்பலில் ஏற்றி, அமெரிக்க நகரத்தில் கட்டணம் வாங்கிக் காட்சிக்கு வைக்கும் கதையை, அடிமை வாணிகத்தின் நினைவின்றிப் படிக்க இயலாது என்று ஆய்வாளர்கள் பல காலமாக எழுதி வருகிறார்கள். குற்றத்தையெல்லாம் டென்ஹாம் கடைசி வசனத்தில் பெண்ணின் அழகின் மேல் ஏற்றிவிட்டு நழுவுகிறான். என் தொண்டையும் அந்த உச்சிக்காட்சியில் அடைக்கிறது. கூடவே கோபமும் வருகிறது. 2005ஆம் ஆண்டுப் படம் நாயகிக்குச் செய்த நியாயத்தைத் தீவு மக்களுக்குச் செய்யவில்லை என்பதை மூன்றாம் வரிசை அவர்களும் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

மறுமொழி: ஒலிக்கூடம்

தேர்வறைப் பாட்டில் வாசல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பேச்சு எந்த இடத்தில் பாட்டானது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அந்த ஒரு காட்சிக்காக என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன், மேம்பாலத்துக்காக அல்ல.

நெய்தல் அவர்கள் எழுதியதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது: காங் மெய்யாகவே ஒரு மியூசிக்கலில் நடித்திருக்கிறது. மெல்போர்னில் 2013இல் மேடையேறி, மாற்றங்களுடன் 2018 நவம்பரில் பிராட்வேக்கு வந்த அந்த நாடகத்தின் இசையில் பெரும்பங்கு மாரியஸ் டி வ்ரீஸ் என்பவருடையது. 'மூலான் ரூஜ்', 'லா லா லேண்ட்' ஆகிய இரண்டு படங்களின் இசைப் பணியிலும் இருந்தவர். பிராட்வேயில் சுமார் 20 அடி உயரமும் ஒரு டன்னுக்குக் குறையாத எடையும் கொண்ட பொம்மை. கறுப்பு உடையணிந்த ஒரு குழு அதன் கைகால்களைக் கயிற்றால் இழுத்தும் மேலேறிக் குதித்தும் அசைப்பது பார்வையாளர் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். மனிதர்கள் எல்லாரும் பாடினார்கள். குரங்கு மட்டும் பாடவில்லை, உறுமியது. பொம்மைக்கு, பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனி விருதுகளில் சிறப்பு விருது கிடைத்தது. பாட்டுகளை எவரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. 2019 ஆகஸ்டில் நாடகம் நின்றுவிட்டது. நான் பார்த்தது சில காணொளித் துண்டுகளை மட்டுமே, ஆகவே தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை.

மறுமொழி: கொட்டகைக் காலம்

எழுதிய அனைவருக்கும் நன்றி. "நின்றால் என்ன நடக்கும்" என்ற நெய்தல் அவர்களின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பார்த்த படங்களை மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஹாத்தவேயின் பாட்டு அந்தத் தேர்வில் நிற்கிறது. அவள் பாடி முடித்தால் அவளிடம் வேறொன்றும் மிச்சமில்லை. அந்தக் காட்சியையும் மற்றவற்றோடு சேர்த்துத் தள்ளியது என் அவசரம். மேம்பால நடனத்தைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை.

மூன்றாம் வரிசை அவர்களின் மகள் சிரித்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். காங் தாடையை ஆட்டிப் பார்ப்பது சிரிப்பதற்காகவே ஓ'பிரையன் வைத்த இடமாகவும் இருக்கலாம் அல்லவா? கொன்றுவிட்டு, ஒரு குழந்தை உடைந்த விளையாட்டுச் சாமானை ஆட்டிப் பார்ப்பதுபோலப் பார்க்கிறது. அங்கே சிரித்ததால்தான் உச்சியில் அது தன் கையைப் பார்க்கும்போது எனக்கு அப்படி ஆயிற்றோ என்னவோ. 'மைட்டி ஜோ யங்' இதுவரை பார்த்ததில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருக்கிறேன்.

மறுமொழி: மூன்றாம் வரிசை

ஒப்புக்கொள்கிறேன், தீவு மக்கள் விஷயத்தில் ஜாக்சனுக்காக நான் வாதாட மாட்டேன்.

கேள்வியில் உள்ள ஒரு சிறு பிழையை மட்டும் திருத்திவிடுகிறேன். ஐம்பதடி என்பது விளம்பரத்துக்காகச் சொல்லப்பட்ட உயரம். தீவுக் காட்சிகளில் காங்கை 18 அடியாகக் கணக்கிட்டு அமைத்தார்கள்; நியூயார்க்கின் கட்டடங்களுக்கு முன்னால் அந்த அளவு எடுபடாது என்று அங்கே 24 அடியாக உயர்த்திக்கொண்டார்கள். பார்க்கிற எவருக்கும் கப்பலில் வந்த வழியில் குரங்கு ஆறடி வளர்ந்துவிட்டது தெரிவதில்லை. இத்தனை ஆண்டுகளில் எனக்கும் தெரியவில்லை, சிரித்துக்கொண்டே பார்த்த என் மகளுக்கும் தெரியவில்லை.